விந்தகத்தின் வாசலில் நின்ற அமிலம்

1964ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில், எலிகளின் இனப்பெருக்கத்தில் வைட்டமின் ஏ வகிக்கும் பங்கு குறித்த கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் லிவர்பூலைச் சேர்ந்த தாம்ப்சன், ஹோவெல், பிட் ஆகிய மூவர். வைட்டமின் ஏ அறவே நீக்கப்பட்ட உணவை எலிகளுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் சேர்த்து அவர்கள் வளர்த்தனர். எலிகள் நன்றாக வளர்ந்தன, எடை கூடின, வெளித்தோற்றத்தில் குறையேதும் இல்லை. ஆனால் அவற்றின் பார்வை மங்கியது. பெண் எலிகள் கருவுற்றன, கருக்களோ கர்ப்பத்திலேயே அழிந்து உறிஞ்சப்பட்டன. ஆண் எலிகளின் விந்தகங்கள் சுருங்கின. விந்து நுண்குழல்களில் விந்தணுக்கள் இல்லாமல் போயின. அதே எலிகளுக்கு வைட்டமின் ஏயின் ஆல்ககால் வடிவமான ரெட்டினோலைக் கொடுத்தபோது விந்தணு ஆக்கம் மீண்டும் தொடங்கியது.

இந்தச் சோதனையில் பிழை ஏதும் இல்லை. பலர் திரும்பச் செய்தும் முடிவு மாறவில்லை. இருந்தும், அதிலிருந்து அக்காலம் எடுத்துக்கொண்ட பாடம் ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு ஒரு துறையின் பார்வையைத் திசைதிருப்பியது. பாலூட்டிகளின் விந்தணு ஆக்கத்தில் ரெட்டினாயிக் அமிலம்தான் தலைமைச் சைகை என்று இன்றைய பாடநூல்கள் சொல்கின்றன. அந்த அமிலத்துக்கு விந்தகத்தில் வேலையே இல்லை என்பதற்குச் சான்றாக நெடுங்காலம் காட்டப்பட்டது இதே சோதனைதான்.

இதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1913இல் விஸ்கான்சினில் மெக்காலமும் மார்கரெட் டேவிஸும், கனெக்டிகட்டில் ஆஸ்போர்னும் மெண்டலும், வெண்ணெயில் உள்ள ஏதோவொரு பொருள் இல்லாவிடில் எலிகள் வளர்வதில்லை எனக் கண்டனர். கொழுப்பில் கரையும் அந்தக் காரணியே பின்னர் வைட்டமின் ஏ எனப்பட்டது. 1925இல் ஹார்வர்டைச் சேர்ந்த வோல்பாக்கும் ஹோவும், அக்காரணி கிடைக்காத எலிகளின் திசுக்களை உறுப்பு உறுப்பாக நுண்ணோக்கியில் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. மூச்சுக்குழாய், உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீர்ப்பாதை எனப் பல இடங்களில் மென்மையான எபிதீலியம் மறைந்து, தோலைப் போன்ற கெரட்டின் படலம் உருவாகியிருப்பதை அவர்கள் விவரித்தனர். விந்தகத்தின் சிதைவும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் பட்டினியால் மெலிந்து, நோய்த்தொற்றால் வாடும் விலங்கில் விந்தகம் சுருங்குவதில் வியப்பென்ன என்ற ஐயம் எழுவது இயல்பு.

அந்த ஐயத்தைத் தீர்த்தவர் கார்ல் மேசன். வைட்டமின் ஏ பற்றாக்குறை, வைட்டமின் ஈ பற்றாக்குறை, வெறும் பட்டினி ஆகிய மூன்றும் விந்தகத்தைத் தாக்கும் விதம் வேறுவேறு என 1933இல் அவர் காட்டினார். வைட்டமின் ஈ இன்றிச் சிதைந்த விந்தகம் மீளவில்லை. வைட்டமின் ஏ இன்றிச் சிதைந்தது மீண்டது. இந்த மீட்சிதான் முழு வரலாற்றின் அச்சாணி. விந்தணுக்களைத் தோற்றுவிக்கும் மூலச் செல்கள் சாகவில்லை. அவை எதற்கோ காத்து நிற்கின்றன என்பதே இதன் பொருள். பற்றாக்குறையுற்ற எலியின் நுண்குழலைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், தாங்கு செல்களான செர்டோலி செல்களும், இன்னும் முதிர்ச்சிப் பாதையில் கால்வைக்காத மூலச் செல்களும் இருக்கும். அவற்றைத் தாண்டிய படிநிலைகள் ஏறக்குறைய முற்றிலும் காலியாக இருக்கும்.

மூலச் செல்கள் எதற்குக் காத்திருந்தன என்பதற்கு விடை தேடும் முன், வைட்டமின் ஏயின் வேதியியலைத் தெரிந்துகொள்வது நல்லது. கல்லீரலில் சேமிக்கப்பட்டு இரத்தத்தில் உலவுவது ஆல்ககாலான ரெட்டினோல். அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஆல்டிஹைடான ரெட்டினல் ஆகிறது. கண்ணில் ஒளியை வாங்கும் நிறமியின் பகுதி இதுவே. ரெட்டினல் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ரெட்டினாயிக் அமிலம். முதல் படி இருவழிப் பாதை; இரண்டாவது படி ஒருவழிப் பாதை. அமிலத்திலிருந்து ரெட்டினலையோ ரெட்டினோலையோ உடலால் மீட்க இயலாது. 1960இல் ஜான் டௌலிங்கும் ஜார்ஜ் வால்டும் பயன்படுத்திக்கொண்டது இந்த ஒருவழித்தன்மையைத்தான். அமிலம் மட்டும் உண்ட எலிகள் வளர்ந்தன, ஆனால் குருடாயின. ஆகவே வளர்ச்சிக்கு அமிலம் போதும், பார்வைக்கு ரெட்டினல் வேண்டும். தெளிவான தருக்கம்; சரியான முடிவும்கூட.

லிவர்பூல் குழு அதே தருக்கத்தை விந்தகத்துக்கு நீட்டியது. அமிலம் உண்ட எலியின் கண் கெட்டதற்குக் காரணம் கண்ணுக்கு ரெட்டினல் தேவைப்படுவது. அதே எலியின் விந்தகமும் கெடுகிறது. எனவே விந்தகத்துக்கும் ரெட்டினோலோ ரெட்டினலோ நேரடியாகத் தேவை. அமிலத்தால் அதை ஈடுசெய்ய இயலாது. இந்தியாவிலும் இதே கேள்வி அதே பத்தாண்டில் ஆராயப்பட்டது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் ஜே. கங்குலியின் குழு, ரெட்டினாயிக் அமிலம் உண்ட ஆண், பெண் எலிகளின் இனப்பெருக்கத் திறனை ஆராய்ந்து இந்திய ஆய்விதழிலேயே வெளியிட்டது. பின்னர் அவற்றின் கர்ப்பத்தில் ஹார்மோன்களின் பங்கையும் பின்தொடர்ந்தது. மேற்கத்திய மீள்பார்வைக் கட்டுரைகளில் இந்தப் பெங்களூர்ப் பணிக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

லிவர்பூல் தருக்கத்தில் சொல்லப்படாத ஒரு முன்முடிவு ஒளிந்திருந்தது. வாய்வழி ஊட்டிய அமிலம் உடலின் எல்லா மூலைகளுக்கும் ஒரேபோலச் சென்று சேர்கிறது என்பதே அது. சோதனை கேட்ட கேள்வி, ‘ஊட்டிய அமிலம் விந்தகத்தைக் காக்குமா?’ என்பது. படித்தவர்கள் எடுத்துக்கொண்ட விடையோ, ‘விந்தகத்தில் அமிலத்துக்குப் பணி உண்டா?’ என்ற வேறொரு கேள்விக்கானது. இரண்டுக்கும் இடையே ஒரு சுவர் இருந்தது. அது உருவகச் சுவர் அன்று, செல்களாலான சுவர்.

எதிர்மறை முடிவு என்றாலும் அந்தச் சோதனை துறைக்கு அளித்த கொடை பெரியது. வைட்டமின் ஏ அறவே இல்லாத எலி அதிக நாள் உயிர்வாழாது. அமிலம் ஊட்டினால் வாழும். உடல் நலமாக இருக்க, விந்தகம் மட்டும் பற்றாக்குறையில் நிற்கும் ஓர் ஆய்வு விலங்கு இவ்வாறு கிடைத்தது. அதைக் கொண்டு 1987இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மொராலெஸும் மைக்கேல் கிரிஸ்வோல்டும் ஒரு விந்தையைக் கண்டனர். இயல்பான விந்தகத்தில் ஒவ்வொரு நுண்குழல் துண்டும் வெவ்வேறு படிநிலையில் இருக்கும். எலிகளில் இப்படிநிலைகளை லெப்லோனும் கிளெர்மோன்டும் 1952இல் வகுத்துத் தந்திருந்தனர். பற்றாக்குறையுற்ற எலிக்கு ரெட்டினோலைத் திரும்பக் கொடுத்தபின் பார்த்தால், விந்தகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே படிநிலையில் ஒத்திசைந்து நடந்தது. வாசலில் காத்திருந்த மூலச் செல்கள் அனைத்தும் ஒரே மணியோசை கேட்டு ஒன்றாகப் புறப்பட்டதைப் போன்ற காட்சி அது. ரெட்டினோல் வெறும் ஊட்டம் அன்று, ஒரு சைகை என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது.

அதே 1987இன் இறுதியில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பியேர் ஷாம்போனின் குழுவும், கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவான்ஸின் குழுவும் தனித்தனியே ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பியைக் கண்டறிந்தன. செல்லின் உட்கருவில் அமர்ந்து, அமிலம் வந்து பொருந்தியதும் மரபணுக்களை இயக்கும் புரதம் அது. ஸ்டீராய்டு ஹார்மோன்களின் ஏற்பிகளுக்கு அது உறவு. 1993இல் ஷாம்போன் குழு, இவ்வேற்பிகளுள் ஆல்ஃபா வகையை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கியது. பிழைத்து வளர்ந்த ஆண் சுண்டெலிகள் மலடாயின. அவற்றின் விந்தகம் வைட்டமின் ஏ பற்றாக்குறையுற்ற விந்தகத்தை ஒத்திருந்தது.

பழைய பாடம் இனி நிற்க முடியாது. அமிலத்துக்கு வேலையே இல்லாத உறுப்பு, அமிலத்தின் ஏற்பியை நீக்கினால் ஏன் சிதைய வேண்டும்?

முடிச்சு அதற்குள் வேறோர் இடத்தில் அவிழத் தொடங்கியிருந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்டில் வான் பெல்ட்டும் டெ ரோய்யும் 1991இல் ஓர் எளிய காரியத்தைச் செய்தனர். பற்றாக்குறையுற்ற எலிகளுக்கு ரெட்டினாயிக் அமிலத்தை உயர்ந்த அளவில், திரும்பத் திரும்பக் கொடுத்தனர். விந்தணு ஆக்கம் தொடங்கியது மட்டுமன்றி, முழுமையாக நிறைவுபெறவும் செய்தது. அதாவது, அமிலம் பயனற்றதாக இருந்ததில்லை. போதிய அளவு உள்ளே சென்றதில்லை. 1995இல் அமெரிக்காவில் பிளேனரின் குழு, எலியின் ஒவ்வொரு திசுவும் தனது ரெட்டினாயிக் அமிலத்தில் எவ்வளவை இரத்தத்திலிருந்து பெறுகிறது என அளந்தபோது, கல்லீரல் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்தே பெற, விந்தகம் பெறுவது மிகச் சொற்பம் எனத் தெரிந்தது. விந்தகம் தனக்கு வேண்டிய அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

தயாரிக்கும் இடமும் காக்கும் சுவரும் பின்னர் துலங்கின. ரெட்டினோல் நுண்குழலுக்குள் நுழைகிறது; செர்டோலி செல்கள் அதை இரண்டு படிகளில் அமிலமாக்குகின்றன. முதிர்ச்சியின் பிற்படிகளில் உள்ள விந்தணு முன்னோடிச் செல்களும் இப்பணியில் பங்கேற்கின்றன. நுண்குழலைச் சூழ்ந்துள்ள தசைத்தன்மையுள்ள செல்களிலோ, சிஒய்பி26 எனப்படும் நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் உள்ளன. வெளியிலிருந்து வரும் அமிலத்தைச் சிதைப்பது இவற்றின் தொழில். ரெட்டினோலுக்கு வாசல் திறந்திருக்கிறது. அமிலம் வாசலிலேயே அழிக்கப்படுகிறது. லிவர்பூல் எலிகள் நாள்தோறும் உண்டது, அவற்றின் விந்தகத்துக்கு இல்லாமற்போன அதே பொருளைத்தான்.

இந்தச் சுவர் ஏன் தேவை? உள்ளே அமிலம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அலையலையாக எழுந்து அடங்குகிறது. சுண்டெலியில் நுண்குழலின் ஒரு சுழற்சி 8.6 நாள், அதன் நடுப்பகுதியில், ஏழாம் எட்டாம் படிநிலைகளை ஒட்டி அமில அளவு உயர்கிறது. அவ்வேளையில் மூலச் செல்கள் முதிர்ச்சிப் பாதையில் இறங்குகின்றன. முந்தைய சுழற்சிகளில் புறப்பட்டு இப்போது உரிய நிலையை எட்டிய செல்கள் ஒடுக்கற்பிரிவுக்குள் நுழைகின்றன. முதிர்ந்த விந்தணுக்கள் குழலின் நடுவெளிக்குள் விடுவிக்கப்படுகின்றன. 2015இல் டேவிட் பேஜின் குழு காட்டியபடி, ஒரே சைகையை வெவ்வேறு செல்கள் தத்தம் தகுதிநிலைக்கேற்ப வெவ்வேறாகப் புரிந்துகொள்கின்றன. வெளியே இரத்தத்தில் உணவுக்கேற்ப ஏறி இறங்கும் அமிலம் தடையின்றி உள்ளே வந்தால் இந்தத் தாளக்கட்டு குலைந்துவிடும்.

இவ்வளவும் ஊட்டச்சத்து ஆய்வகங்களிலும் மரபணு ஆய்வகங்களிலும் எழுதப்பட்ட வரலாறு. இதற்கு இணையாக, இதை அறியாமலேயே, இன்னொரு வரலாறு மருந்து நிறுவனத்திலும் சிறைச்சாலையிலும் நடந்துகொண்டிருந்தது.

1950களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டெர்லிங்-வின்த்ராப் நிறுவனம், குடல் அமீபாவை ஒழிக்க உருவாக்கிய டையமீன் வகைச் சேர்மங்கள் ஆண் எலிகளின் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடுவதைக் கண்டது. அவற்றுள் ஒன்று வின் 18,446. கார்ல் ஹெல்லர் என்ற நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர் அதை ஆரிகன் மாநிலச் சிறைக் கைதிகளிடம் சோதித்து 1961இல் வெளியிட்டார். விந்தணு எண்ணிக்கை அடியோடு சரிந்தது. மருந்தை நிறுத்தியதும் மீண்டது. ஆண்மை ஹார்மோனில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை கைக்கெட்டியது போலிருந்தது. பிறகு, சிறையில் மது கிடைப்பதில்லை என்பதால் அதுவரை மறைந்திருந்த ஒரு விளைவு வெளிப்பட்டது. இம்மருந்தை உட்கொள்பவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டி வாந்தியெடுத்தார். மருந்து கைவிடப்பட்டது.

இந்த எதிர்வினை மருத்துவ உலகுக்குப் புதிதன்று. குடிநோயாளிகளுக்குத் தரப்படும் டைசல்பிரம் செய்வதும் இதையேதான். மது உடலில் முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பின்னர் அசிட்டிக் அமிலமாகவும் மாறுகிறது. இரண்டாம் படியின் நொதியை மருந்து தடுத்தால் நஞ்சான ஆல்டிஹைடு தேங்குகிறது. ஆல்ககால், ஆல்டிஹைடு, அமிலம்: ரெட்டினோல் கடக்கும் அதே மூன்று படிகள். மதுவின் ஆல்டிஹைடை அமிலமாக்கும் நொதியும், விந்தகத்தில் ரெட்டினலை அமிலமாக்கும் நொதியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தத் தடயம் 1961 முதலே கண்ணெதிரே கிடந்தது. 2011இல்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஏமரியும் கிரிஸ்வோல்டின் குழுவினரும், வின் 18,446 விந்தகத்தில் ரெட்டினாயிக் அமிலத் தயாரிப்பைத் தடுத்தே விந்தணு ஆக்கத்தை நிறுத்துகிறது என நிறுவினர்.

ஐம்பது ஆண்டுகள் ஏன் பிடித்தன? பின்னாளில் நின்றுகொண்டு முன்னோரைக் குறைகூறுவது எளிது, அது வரலாறாகாது. இருப்பினும் ஒன்றை ஊகிக்கலாம். 1961இல் மருந்து வெளிவந்தது. 1964இல் விந்தகத்துக்கு அமிலம் பயன்படாது என்ற முடிவு வந்தது. அதன்பின், அமிலத் தயாரிப்பைத் தடுப்பதால் விந்தணு ஆக்கம் நிற்கிறது என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் தோன்றியிருந்தாலும், அதை வளர்த்தெடுக்க அவருக்கு ஊக்கம் இருந்திருக்காது. சரியான சோதனையின் அகலப்பட்ட வாசிப்பு இன்னொரு துறையின் கதவையும் சாத்தியிருக்கக் கூடும்.

ஹெல்லரின் சிறைப் பணியைக் கடந்துசெல்வதற்கு முன் ஒரு சொல். மனிதனில் விந்தணு ஆக்கச் சுழற்சி 16 நாள், முழு ஆக்கத்துக்கு ஏறத்தாழ 64 நாள் என்று ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்யும் எண்கள், ஹெல்லரும் கிளெர்மோன்டும் 1960களின் தொடக்கத்தில், மனிதர்களின் விந்தகத்திலிருந்து வெட்டியெடுத்த திசுத் துணுக்குகளைக் கொண்டு கணித்தவை. 1963 முதல் 1973 வரை இதே ஹெல்லர், அணுசக்தி ஆணையத்தின் நிதியில், ஆரிகன் கைதிகளின் விந்தகங்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தும் ஆய்வையும் நடத்தினார். இறுதியில் கருத்தடை அறுவைக்கு உடன்படுவது பங்கேற்பின் நிபந்தனை. கைதி தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற கேள்வியை அமெரிக்கா அதன் பின்னரே தீவிரமாக எழுப்பி, சிறைகளில் நடக்கும் ஆய்வுகளுக்குக் கடும் வரம்புகளை விதித்தது. ஆண் இனப்பெருக்க உடலியலின் அடிப்படை எண்கள் சில எத்தகைய உடல்களிலிருந்து பெறப்பட்டன என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

ஒடுக்கற்பிரிவைத் தொடக்கிவைப்பதும் ரெட்டினாயிக் அமிலமே என்ற கருத்தின் கதை வேறு விதமானது. 2006இல் ஆஸ்திரேலியாவில் பௌல்ஸும் கூப்மனும், அமெரிக்காவில் பேஜின் குழுவும் ஓர் அழகிய விளக்கத்தை முன்வைத்தனர். பெண் கருவின் அண்டகத்தில் அமிலம் இருப்பதால் ஸ்ட்ரா8 என்ற மரபணு தூண்டப்பட்டுப் பிறப்புக்கு முன்பே ஒடுக்கற்பிரிவு தொடங்குகிறது. ஆண் கருவின் விந்தகத்தில் சிஒய்பி26பி1 நொதி அமிலத்தை அழிப்பதால் அது பிறப்புக்குப் பின் வரை தள்ளிப்போகிறது. ஆண், பெண் வேறுபாட்டை ஒரே மூலக்கூறால் விளக்கும் இக்கருத்து விரைவில் பாடநூல்களில் ஏறியது. 2020இல் பிரான்சிலிருந்து வந்த இரு ஆய்வுகள் அதை உலுக்கின. ரெட்டினாயிக் அமில ஏற்பிகள் அனைத்தையும் நீக்கிய பின்னரும், அமிலத்தைத் தயாரிக்கும் நொதிகளை நீக்கிய பின்னரும், சுண்டெலிக் கருவின் அண்டகத்தில் ஒடுக்கற்பிரிவு தொடங்கியது. முன்பு அமிலத்துக்குப் பணியில்லை என்று மிகையாகச் சொன்ன துறை, இம்முறை அமிலத்துக்கு அளவுக்கு மீறிய பணியைக் கொடுத்துவிட்டது போலும். அசையாமல் நிற்பது மேசன் கண்ட பழைய உண்மையே: ஆணில், காத்திருக்கும் மூலச் செல் முதிர்ச்சிப் பாதையில் முதல் அடி வைக்க இந்தச் சைகை வேண்டும்.

அந்த முதல் அடியைத் தற்காலிகமாகத் தடுப்பதே இன்றைய கருத்தடை ஆய்வின் இலக்கு. நொதியைத் தடுக்கும் வழியில் மதுவின் சிக்கல் குறுக்கிடுவதால், ஏற்பியைத் தடுக்கும் வழியைச் சிலர் தேர்ந்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டெப்ரா வோல்கெமுத் குழு, வேறு நோக்கத்துக்காக உருவாக்கப்பட்டு, விந்தகத்தைப் பாதிக்கிறது என்று ஒதுக்கப்பட்ட ஒரு மூலக்கூறைக் குறைந்த அளவில் கொடுத்து, சுண்டெலிகளில் மீளக்கூடிய மலட்டுத்தன்மையை 2011இல் காட்டியது. அம்மூலக்கூறு மூன்று வகை ஏற்பிகளையும் தடுத்தது. மினசோட்டாவில் குண்டா கேயார்க்கின் ஆய்வகம் ஆல்ஃபா வகையை மட்டும் குறிவைக்கும் ஒய்சிடி-529ஐ உருவாக்கி, சுண்டெலிகளில் அதன் பயனை 2022இல் அறிவித்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கின் 1993ஆம் ஆண்டுச் சுண்டெலி மாத்திரை வடிவில் திரும்பி வந்தது எனலாம். பிரிட்டனில் நடந்த முதல் மனிதச் சோதனையின் நோக்கம் பாதுகாப்பை அறிவது மட்டுமே. பங்கேற்ற 16 ஆண்களும், தம் குடும்பத் திட்டப்படி ஏற்கெனவே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்.